ஏரிக்கரை இடப்பெயர்வுகள்: ஆரம்பாக்கமும் பழவேற்காட்டு மீனவக் குப்பங்களும்

ஆரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ளது. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் இதுதான். அடுத்து வரும் தடா ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஊரையொட்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலை செல்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா தீவு, அதற்கப்பால் வங்கக் கடல். சாலை, இருப்புப்பாதை, மாநில எல்லை, ஏரி, கடல் ஆகிய ஐந்தும் அருகருகே நெருங்கி வரும் இந்தப் பகுதியில் மக்கள் வந்ததும் போனதும் விரட்டப்பட்டதும் குறைந்தது ஐந்து நூற்றாண்டு வரலாறு கொண்டவை.

மனிதர் ஓரிடம் விட்டு ஓரிடம் போவதற்கான காரணங்களை முதன்முதலில் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு ஒழுங்குபடுத்த முயன்றவர் ராவென்ஸ்டைன். 1885இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலோர் நெடுந்தூரம் போவதில்லை, பக்கத்து ஊருக்கோ பக்கத்து நகரத்துக்கோதான் போகிறார்கள் என்று காட்டியது. குறுந்தூரப் பெயர்வில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்றும் அவர் கண்டார். 1966இல் எவரெட் லீ இதை விரித்து, இருக்கும் இடத்தின் குறைகள் தள்ளுகின்றன, போகும் இடத்தின் நன்மைகள் இழுக்கின்றன, நடுவே தடைகள் நிற்கின்றன என்றார். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முன்பு வாழ்ந்த இடத்தை விட்டு வேறிடத்தில் வாழ்வோர் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் பெண்களை எடுத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கினர் திருமணத்தால் இடம் மாறியவர்கள். வேலை தேடிப் போவதையே இடப்பெயர்வு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வியப்பளிக்கலாம். பழவேற்காட்டுக் குப்பங்களில் வாழ்பவர்களுக்கு வியப்பளிக்காது. ஒரு குப்பத்தில் பிறந்த பெண் இன்னொரு குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போவதே இங்கே மிகப் பழைய, மிக அமைதியான இடப்பெயர்வு.

தள்ளுதல், இழுத்தல் என்ற விளக்கம் இந்தக் கரைக்குப் பெருமளவு பொருந்துகிறது. ஆனாலும் அது ஒன்றைக் கண்டுகொள்ளவில்லை. நிலத்தில் வாழ்பவனுக்குப் பட்டா உண்டு. ஏரியில் வாழ்பவனுக்கு இருப்பது இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன வலை கட்டலாம் என்று ஊர் கொடுத்த உரிமை மட்டுமே. பழவேற்காட்டு இடப்பெயர்வுகளில் பலவற்றின் அடியில் அந்த உரிமை தொடர்பான கேள்வி இருக்கிறது.

ஏரியின் இயல்பிலிருந்தே இது தொடங்குகிறது. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. மழைக்காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் நீர், கோடையில் வெகுவாகச் சுருங்கி, வடபகுதி பல இடங்களில் சேறும் உப்புத் தரையுமாகிவிடும். ஆழம் பெரும்பாலும் ஆள் உயரத்துக்குள்தான். தெற்கே ஆரணி ஆறும், மேற்கே காளங்கி ஆறும், வடக்கே சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல் நீர் ஏறி இறங்குகிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, சேற்றிலும் பாசியிலும் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். அந்தப் போக்குவரத்தின் குறுக்கே வலை கட்டுவதுதான் ஏரித் தொழில். முகத்துவாரம் தூர்ந்தால் இறால் வராது. இறால் வராவிட்டால் வலைக்காரர் அங்கே இருந்து பயனில்லை. மணல்திட்டு நகர்ந்து வாய் இடம் மாறும்போது நல்ல மீன்பிடி இடமும் மாறும். குப்பங்களும் அதைத் தொடர்ந்து சற்றே வடக்கிலும் தெற்கிலும் நகரும். கடலரிப்பு, புயல், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை ஆகியவை இந்த நகர்வை அவ்வப்போது விரைவுபடுத்தியிருக்கின்றன.

அளவான ஏரியில் ஆள் கூடினால் சண்டை வரும். அதைத் தவிர்க்க இக்கரை மீனவர் வகுத்த முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். முகத்துவாரத்துக்கு அருகே இறால் நிச்சயமாகக் கடந்து போகும் இடங்கள் சில உண்டு. அவை எல்லோருக்கும் வேண்டும், எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்காது. அதனால் கோட்டைக்குப்பம் முதலான, பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்கள் குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொண்டன. ஒரு நாள் ஒரு குழு அந்த இடத்தில் குச்சி ஊன்றி வலை கட்டும். மறுநாள் அடுத்த குழு. முறை இல்லாத நாளில் வலையை இறக்கினால் ஊர்க்கூட்டம் தண்டம் விதிக்கும். குலுக்கலில் பெயர் சேர வேண்டுமானால் அந்தக் குப்பத்தைச் சேர்ந்தவனாக, பட்டினவர் சமூகத்தவனாக, திருமணமான ஆணாக இருக்க வேண்டும். அப்படி ஊர்க் கணக்கில் சேர்ந்த குடும்பத்துக்குத் ‘தலைக்கட்டு’ என்று பெயர். தலைக்கட்டுக்கு ஊர் வரி உண்டு, கோயில் திருவிழாவில் பங்கு உண்டு, பாட்டில் முறையும் உண்டு.

நியாயமான பங்கீடு என்று இதைப் பாராட்டியவர்கள் பலர்; அந்தப் பாராட்டுக்கு இது தகுதியானதே. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் ஊன்றுவலைக்காரர்கள் இதே போலக் குலுக்கல் முறையில்தான் இறால் பிடிக்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பவனுக்கு நீதியாக இருப்பது வெளியே நிற்பவனுக்குச் சுவராகவும் இருக்கிறது. பட்டினவர் அல்லாத மீனவர்கள், தலித் கிறித்தவர்கள், முஸ்லிம்கள், இருளர்கள் ஆகியோருக்கு இந்தக் குலுக்கலில் இடமில்லை. அவர்கள் ஏரியின் ஓரங்களில், ஆழமற்ற இடங்களில், வேறு கருவிகளால் பிழைத்தார்கள். புதிதாக வந்து குடியேறியவர்களுக்கும் அதே நிலைதான். வீடு கட்ட மணல்மேடு கிடைக்கும். வலை கட்ட நீர் கிடைக்காது.

மீனவரே கரையோரமாக நெடுந்தூரம் பெயர்ந்த கதையும் உண்டு. ஆந்திரத்தின் நெல்லூர், பிரகாசம் மாவட்டக் கடற்கரைகளில் வாழும் பட்டப்பு மீனவர்கள் வீட்டில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். தெலுங்கில் படித்து, தெலுங்கில் வாக்களித்து, தெலுங்கு வணிகரிடம் மீன் விற்கும் இவர்களின் முன்னோர் சோழமண்டலக் கரையின் பட்டினவர்கள். வாடைக் காற்றும் கொண்டலும் மாறும்போது மீன் கூட்டமும் இடம் மாறும். அதைத் தொடர்ந்து கட்டுமரத்தில் வடக்கே போனவர்கள் முதலில் பருவத்துக்குத் தங்கி, பிறகு குடும்பத்தோடு தங்கி, பிறகு அங்கேயே ஊராகிவிட்டார்கள். எந்த அரசனும் அவர்களை அனுப்பவில்லை, எந்தப் பஞ்சமும் ஒரே நாளில் துரத்தவில்லை. ராவென்ஸ்டைன் சொன்ன படிப்படியான நகர்வுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

குப்பங்கள் இப்படி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது பழவேற்காடு பட்டினம் உலக வணிகத்தில் பேரிடம் பிடித்தது. விஜயநகர அரசின் முக்கியத் துறைமுகமாக அது 15, 16ஆம் நூற்றாண்டுகளில் செழித்தது. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களிடையே, தங்கள் முன்னோர் அரபு நாட்டில் ஏற்பட்ட ஆட்சிப் பூசலால் மரக்கலமேறி வந்து இக்கரையில் குடியேறினர் என்ற மரபு வழங்கி வருகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியர் வந்தனர். அவர்களில் பலர் அரசுப் பணியை விட்டு இங்கேயே மணம் புரிந்து தனி வணிகராகத் தங்கினர். 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியிடம் அனுமதி பெற்றது. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பழவேற்காடுதான்.

கோட்டை எழுந்த இடத்தைத் தேடித் தறியும் வந்தது. டச்சுக்காரர்கள் இங்கிருந்து ஏற்றிய துணி, கிழக்கே இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பு, ஜாதிக்காய் வாங்குவதற்கான நாணயம் போலவே பயன்பட்டது. நெசவாளர், சாயக்காரர், துணி வெளுப்பவர், தரகுச் செட்டிமார் ஆகியோர் உள்நாட்டிலிருந்து கடற்கரையை நோக்கி நகர்ந்தனர். முன்பணம் கிடைக்கும் இடத்துக்குத் தறி போகும். வரியும் போரும் மிகுந்தால் அதே தறியைத் தூக்கிக்கொண்டு குடும்பம் இரவோடிரவாக வெளியேறும். 1614இல் வேங்கடபதி இறந்தபின் மூண்ட வாரிசுப் போர் பல ஆண்டுகள் நீடித்தது. அதோடு பஞ்சமும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பஞ்சத்தில் நிகழ்ந்தது, பழவேற்காட்டின் வரலாற்றைப் பெருமையோடு பேசுபவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதி. 1618க்குப் பிறகான வறட்சியில் மக்கள் பசிக்காகப் பிள்ளைகளை விற்றார்கள். தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. வாங்கியவர்களில் டச்சுக் கம்பெனி முதன்மையானது. 1622–23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலான துறைகளிலிருந்து சுமார் 1,900 அடிமைகள் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டனர். 1640களிலும் 1659–61இலும் பஞ்சம் வந்தபோது இதே வணிகம் சோழமண்டலக் கரையில் மீண்டும் பெருகியது. போனவர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள், வீட்டு வேலை செய்தார்கள், நோயில் மடிந்தார்கள். திரும்பி வந்தவர்கள் அரிது. கெல்டிரியாவுக்கு அருகிலுள்ள டச்சுக் கல்லறைகளில் எலும்புக்கூடு செதுக்கிய நுழைவாயிலும் பெயர் பொறித்த கற்களும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. கப்பலேற்றப்பட்ட தமிழருக்கும் தெலுங்கருக்கும் அப்படி ஒரு கல் எங்கும் இல்லை. பஞ்சத்தைத் ‘தள்ளும் காரணி’ என்று எழுதும்போது, அந்தச் சொல்லுக்குள் விற்கப்பட்ட பிள்ளைகளும் அடக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பட்டினத்தின் சரிவு தெற்கே இன்னொரு நகரத்தின் எழுச்சியோடு வந்தது. 1621இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு பங்கு வைத்து வணிகம் செய்ய முயன்று, இரண்டே ஆண்டில் வெளியேறினர். 1626இல் ஏரிக்கு வடக்கே துர்க்கராஜபட்டினத்தில், அவர்கள் ஆர்மகான் என்றழைத்த இடத்தில், பண்டகசாலை அமைத்தனர். அங்கும் துணி போதவில்லை. 1639இல் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றபின் நிலைமை தலைகீழானது. நெசவாளருக்குக் குடியிருப்பு, வரிச் சலுகை, முன்பணம் என்று சென்னை இழுத்தது. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளருக்காகவே சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. டச்சுத் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1781இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தபின் பழவேற்காட்டுக்கே திரும்பியது. ஆனால் திரும்பி வந்த இடத்தில் பழைய வணிகம் இல்லை. 1825இல் பழவேற்காடு முற்றிலுமாக ஆங்கிலேயர் கைக்குப் போனபோது, அது மீண்டும் மீன் ஊராகியிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் ஏரிக்கரை சென்னைக்கு விறகும் சுண்ணாம்பும் உப்பும் அனுப்பும் பின்புறமாயிற்று. 1806இல் தொடங்கிய கால்வாய், எண்ணூர் வழியாகப் பழவேற்காடு ஏரிவரையும் அதற்கு வடக்கேயும் படிப்படியாக நீண்டது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னைக்குள் கால்வாய் இணைக்கப்பட்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. கூலிக்காக மண் வெட்டியவர்கள் பலர் ஊர்களில் தானியம் தீர்ந்து சென்னைப் பக்கம் நடந்து வந்தவர்கள். ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும், ஏரியடியிலிருந்து வாரிய கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பும் படகுகளில் இந்தக் கால்வாய் வழியே சென்னை போயின. படகோட்டிகளும் விறகு வெட்டிகளும் கிளிஞ்சல் வாருபவர்களும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறினர். 1899இல் சென்னை–விஜயவாடா இருப்புப்பாதை இணைந்தபின் கால்வாய்ப் படகுத் தொழில் மெல்லத் தேய்ந்தது. ஆரம்பாக்கம் போன்ற ஊர்கள் ஏரியை விட்டு மேற்கே இருப்புப்பாதையையும் பெருஞ்சாலையையும் நோக்கி முகம் திருப்பியது இந்தக் காலத்தில்தான்.

1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. யாரும் நகராமலே மாநிலம் மாறிய நிகழ்வு இது. ஏரியில் ஆறில் ஐந்து பங்கு ஆந்திரத்திலும் ஒரு பங்கு தமிழ்நாட்டிலும் அமைந்தது. நிலத்தில் எல்லைக்கல் நடலாம். நீரில் நட முடியாது. தமிழ்நாட்டுக் குப்பங்களின் படகு வடக்கே போனால் அது அத்துமீறல் என்றும், ஆந்திரப் படகு தெற்கே வந்தால் அதுவும் அத்துமீறல் என்றும் இரு தரப்பும் படகையும் வலையையும் பறித்துக்கொள்ளும் சச்சரவு அன்றிலிருந்து ஓயவில்லை. சச்சரவிடும் இரு கரையிலும் ஒரே சமூகத்தவர், சில இடங்களில் சம்பந்திகள்.

இக்கரையின் மிகப் பெரிய நவீன இடப்பெயர்வு ஸ்ரீஹரிகோட்டாவில் நிகழ்ந்தது. ராக்கெட் ஏவுதளத்துக்கு இந்தத் தீவு 1969இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணங்கள் அறிவியல்பூர்வமானவை: நிலநடுக்கோட்டுக்கு அருகில் கிழக்கு நோக்கி ஏவினால் புவிச் சுழற்சியின் வேகம் துணைசெய்யும், முன்னால் திறந்த கடல், ஏவுகலத்தின் பாகங்கள் விழுந்தாலும் ஊர்கள் மேல் விழாது. குடிமக்கள் குறைவு என்பது இன்னொரு காரணம். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ராக்கெட்டாக ரோகிணி–125 அங்கிருந்து பறந்தது. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.–3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியபோது, சொந்த ஏவுகலத்தால் அதைச் சாதித்த சில நாடுகளின் வரிசையில் இந்தியா சேர்ந்தது. அந்தப் பெருமை உண்மையானது.

‘குறைவு’ என்று கணக்கில் வந்தவர்கள் யார் என்பதும் சொல்லப்பட வேண்டும். தீவில் ஏனாதிப் பழங்குடியினர் தலைமுறைகளாக வாழ்ந்தனர். 1835இல் ஆங்கில அரசு தீவைக் கைக்கொண்டபோதே காடு அவர்களுடையது என்ற நிலை போய், அரசுக்குத் தேனும் வேரும் விறகும் சேகரித்துத் தரும் கூலிகளாக அவர்கள் ஆகியிருந்தனர். ஏரிப் பக்கமும் கடல் பக்கமும் மீனவக் குப்பங்கள் இருந்தன. ஏவுதளம் வந்ததும் ஏனாதிகளில் சிலர் தீவுக்குள்ளேயே குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். மற்றவர்களும் மீனவரும் வெளியேற்றப்பட்டனர். ஒரு பகுதியினர் சூளூர்ப்பேட்டைப் பக்கம் போக, வேறு சிலர் தெற்கே பழவேற்காட்டைச் சுற்றிய மணல்மேடுகளில் குடிசை போட்டனர்.

அங்கேதான் பாட்டுச் சிக்கல் முழு உருவில் வெளிப்பட்டது. வந்தவர்களுக்கு மனை இருந்தது, குடிசை இருந்தது, கையில் வலையும் படகும்கூட இருந்தன. ஆனால் எந்தக் குப்பத்தின் தலைக்கட்டுக் கணக்கிலும் பெயர் இல்லை. ஏரியின் நல்ல இடங்கள் எல்லாம் பழைய குப்பங்களின் பாடு. ஓரத்தில் வலை வீசலாம், கடலுக்குப் போகலாம், இல்லையேல் கூலிக்குப் போகலாம். பழைய குப்பத்தாரைப் பொல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பங்கு ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருந்தது. அரசு ஒருவரிடமிருந்து எடுத்ததை இன்னொரு ஏழையின் பங்கிலிருந்து ஈடு செய்ய விட்டது என்பதே இதன் சுருக்கம். சில்காவிலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் மீன்பிடியில் இறங்கியபோது பழைய மீனவரோடு இப்படியே பகை மூண்டது. ஏவுதளத்துக்காகச் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரிக்குக் குறுக்கே போடப்பட்ட சாலை, வடபகுதியின் நீரோட்டத்தையும் தடுத்தது. இன்றும் ராக்கெட் ஏவும் நாட்களில் கரையோர மீனவர் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு குப்பங்களுக்கு வரும். அன்றைய வருமானம் அவ்வளவுதான்.

1980களில் இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்தது. நிலத்தில் தொழில் செய்தவர்களும் ஏரியில் இறங்கினர். கரையில் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைக் கழிவு ஏரியில் கலந்தது, கிணற்று நீர் உப்பாயிற்று, கரைக்குப் போகும் வழிகள் வேலிக்குள் போயின. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இருந்த இறால் பண்ணைகளை மூட உத்தரவிட்டதோடு, சில்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றும் பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர் காந்தியர் எஸ். ஜெகந்நாதன். அந்தத் தீர்ப்பு வந்திராவிட்டால் ஏரியின் விளிம்பில் மீனவர் நிற்க இடம் மிஞ்சியிருக்காது.

தெற்கே எண்ணூரிலிருந்து வந்த நெருக்கடிக்கு அப்படி ஒரு தடை கிடைக்கவில்லை. வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், பின்னர் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் என்று கரை ஒவ்வொரு துண்டாகப் போயிற்று. காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்க்கப்பட்டது. வீடு கொடுக்கப்பட்டது, வேலை வாக்குறுதி தரப்பட்டது, நிரந்தர வேலை கேட்டு அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

எல்லோரையும்விடச் சத்தமில்லாமல் பெயர்ந்தவர்கள் இருளர்கள். வலையும் படகும் இல்லாத இவர்கள் ஏரியிலும் கால்வாயிலும் கையால் இறால் பிடிக்கிறார்கள். கழுத்தளவு நீரில் பெண்கள் குந்தி நகர்ந்து, சேற்றை விரல்களால் தடவி, இறால் கையில் பட்டதும் அமுக்கிப் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அப்போதுதான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கிளிஞ்சலும் முள்ளும் விரலைக் கிழிக்கும், பல மணி நேரம் உப்புநீரில் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கும். தண்ணீர் குறையும் மாதங்களில் இவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்கும் செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளுக்கும் போனார்கள். வாங்கிய சில ஆயிரம் ரூபாய் தீராத கடனாகி, ஆலை வளாகத்தை விட்டு வெளியேற முடியாத நிலை பலருக்கு ஏற்பட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்தும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது. ஊரில் நிலமும் நீரும் இல்லாதவருக்கு முன்பணமே பயணச்சீட்டு.

இந்தப் பகுதிக்கு வந்தவர்களும் உண்டு. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களுக்காகக் கும்மிடிப்பூண்டியில் அமைந்த முகாம், தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. அங்கே பிறந்த பிள்ளைகளே இன்று பெற்றோராகிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து ஆட்களை வரவழைத்தது. எல்லைக்கு அப்பால் 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியும் அப்படியே. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து பருவந்தோறும் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. 2020இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு வேலையும் ரயிலும் நின்றபோது, அவர்களில் பலர் மூட்டையும் பிள்ளைகளுமாக இதே கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடந்தார்கள். எளாவூர்ச் சோதனைச் சாவடியும் ஆரம்பாக்கமும் தாண்டினால்தான் ஆந்திரம். அதற்கப்பால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அவர்கள் ஊர்.

குப்பங்களின் இன்றைய இளைஞர்கள் சிப்காட்டுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் ஆலைப் பேருந்தில் போய் வருகிறார்கள். சூளூர்ப்பேட்டை–சென்னை மின்தொடர் வண்டியில் ஏறி நகரத்து வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே நொச்சிக்குப்பம் போன்ற ஊர்களில் ஒரே வீட்டில் அண்ணன் ஏரிக்கும் தம்பி ஆலைக்கும் போவது வழக்கமாகிவிட்டது. ஒப்பந்த வேலை எந்த மாதம் நிற்கும் என்று தெரியாததால் தலைக்கட்டை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. வெளியூரில் சம்பாதிப்பவரும் ஊர் வரியைத் தவறாமல் கட்டுகிறார். முகத்துவாரம் தூர்ந்த ஆண்டுகளில் ஆலைப் பேருந்தில் கூட்டம் கூடும். வாய் திறந்து இறால் ஏறிய ஆண்டில் சிலர் விடுப்பெடுத்துக்கொண்டு படகேறுவார்கள்.

தலைக்கட்டு தரும் இந்த நீர் உரிமையைச் சட்டம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில் நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். அது இழப்பீட்டை நிலத்தில் உரிமை உள்ளவரைச் சுற்றியே பேசியது. ஏரியில் வலை கட்டும் உரிமை அதன் கணக்கில் வரவில்லை. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம், காட்டையும் நீர்நிலையையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை, மீனவரையும் படகோட்டிகளையும் பெயர் சொல்லி, பாதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மறுவாழ்வு அட்டவணையில் மீன்பிடி உரிமையைப் பற்றி அது சொல்வது ஒரே இடத்தில்: பாசன, நீர்மின் திட்டங்களுக்காக இடம் பெயர்ந்தவர்களுக்கு அந்த அணை நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க அனுமதி தரலாம் என்று. துறைமுகத்துக்கோ ஏவுதளத்துக்கோ மின்நிலையத்துக்கோ கரையை இழக்கும் மீனவருக்கு மாற்று நீர் தர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அந்தக் கட்டாயம் சட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும்.